எந்த வரி என்று விரலை வைத்துக் காட்டுங்கள்: ஐ.இ.எல்.டி.எஸ். ரீடிங் பயிற்சிக்கு ஒரு வழி

ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் திறன் தேர்வின் ரீடிங்கில், அதாவது வாசிப்புப் பகுதியில், மதிப்பெண் ஏறவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "எனக்கு வொக்காபுலரி பத்தாது." கையில் ஆயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றும் இருக்கும். நான் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்ப்பதில்லை. கடைசியாக எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வைக் கேட்பேன். தப்பாய்ப் போன விடை ஒவ்வொன்றையும் எடுத்து, "இதற்கு ஆதாரம் எந்த வரி? விரலை வைத்துக் காட்டுங்கள்" என்பேன். பெரும்பாலும் விரல் எங்கேயும் நிற்காது. பக்கத்தின் மேல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

சொல் தெரியாமல் போகிற மதிப்பெண்ணைவிட, விடை இருக்கிற வரியைக் கண்டுபிடிக்காமலும், கண்டுபிடித்த வரியைச் சரியாகப் படிக்காமலும் போகிற மதிப்பெண்தான் அதிகம். ஆகவே பயிற்சியும் வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சொல் அதன் பின்னால் வரட்டும்.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அகடமிக் ரீடிங்கில் மூன்று பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். ஒரு கேள்விக்கு ஒரு மதிப்பெண். தப்பான விடைக்குக் கழிவு கிடையாது. மதிப்பெண்ணைக் கடைசியில் 'பேண்ட்' என்கிற தர அளவாக மாற்றித் தருவார்கள்: 40க்கு 23 சரியென்றால் ஏறக்குறைய பேண்ட் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8. அதாவது பேண்ட் 7 வேண்டும் என்கிறவர் பத்துக் கேள்வியைக் கோட்டைவிட்டாலும் குடி முழுகிவிடாது. இது மனதில் பதிந்தாலே ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிற பழக்கம் பாதி போய்விடும்.

முதல் சில வாரங்கள் கடிகாரத்தைத் தொடாதீர்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு பாசேஜில் நேரம் வைக்காமலே பதின்மூன்று கேள்விக்கு எட்டு வாங்குகிறவர், நேரம் வைத்தால் மட்டும் பன்னிரண்டு வாங்கிவிடுவாரா? தேர்வை நடத்துகிற பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகியோர் தருகிற மாதிரித் தாள்களில் ஒரு பாசேஜை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் கேள்வி எண்ணைப் போடுங்கள். அடிக்கோடிட வரி கிடைக்கவில்லையா, விடைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எல்லாம் முடிந்த பிறகே விடைக்குறிப்பைத் திறக்க வேண்டும்.

திருத்தும்போது விடை சரியா என்று மட்டும் பார்க்காமல், வரி சரியா என்றும் பாருங்கள். விடை சரியாகவும் வரி தப்பாகவும் இருந்தால் அது குருட்டு அதிர்ஷ்டம். தேர்வு அன்றைக்கு அதே அதிர்ஷ்டம் வரும் என்று நம்ப முடியாது. நான் அதையும் தப்பு என்றே எண்ணச் சொல்வேன். பிறகு ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து: வரி கிடைக்கவில்லை என்றால் 'வ', வரி கிடைத்தும் வாக்கியம் பிடிபடவில்லை என்றால் 'வா', சொல் தெரியவில்லை என்றால் 'சொ', எழுத்துப்பிழை அல்லது கேள்வியின் நிபந்தனையைக் கவனிக்கவில்லை என்றால் 'க'. நாலைந்து பாசேஜ் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். எந்த எழுத்து அதிகமோ அதுதான் உங்கள் நோய்.

'க' அதிகம் வருகிறவர்களுக்கு ஒரு நிமிட மருந்து. 'நோ மோர் தேன் டூ வேர்ட்ஸ்' என்று கேட்ட இடத்தில் மூன்று சொல் எழுதினால், பொருள் சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. பாசேஜில் இருக்கிற சொல்லை ஒருமை, பன்மை மாறாமல் அப்படியே எழுதுங்கள். அவ்வளவுதான்.

'வா' அதிகம் வருகிறவர்களிடம்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும், அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் வரும். 'அந்தத் தீவை முதலில் ஆராய்ந்த குழு முன்வைத்த முறை பிற்பாடு கைவிடப்பட்டது' என்பது நமக்குச் சாதாரண வாக்கியம். இதையே ஆங்கிலத்தில் பாருங்கள்: 'தி மெத்தட் தட் தி டீம் ஹூ ஃபர்ஸ்ட் ஸ்டடீட் தி ஐலண்ட் ப்ரொபோஸ்ட் வாஸ் லேட்டர் அபாண்டன்ட்.' அடைமொழி முழுக்கப் பெயருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, எழுவாயையும் பயனிலையையும் பிரித்துவிடுகிறது. 'ஐலண்ட்' வருவதற்குள் 'மெத்தட்' மறந்துபோகும். கடைசியில் கைவிடப்பட்டது முறையா, தீவா, குழுவா என்கிற குழப்பம். இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நான் செய்யச் சொல்வது இதுதான். நீண்ட வாக்கியம் வந்தால் முதல் சொல்லிலிருந்து தமிழாக்கிக்கொண்டே போகாதீர்கள். 'ஹூ', 'விச்', 'தட்' தொடங்கும் இடத்தில் ஒரு அடைப்புக்குறி திறங்கள். அந்தத் துணுக்கு முடியும் இடத்தில் மூடுங்கள். உள்ளே இன்னொன்று இருந்தால் அதற்கும் ஒன்று. வெளியே மிஞ்சுவது 'தி மெத்தட் வாஸ் லேட்டர் அபாண்டன்ட்'. முறை கைவிடப்பட்டது. இதுதான் எலும்பு. அதைப் பிடித்த பிறகு, எந்த முறை, யார் சொன்னது என்று உள்ளே போகலாம். தினமும் ஐந்து நீண்ட வாக்கியங்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். கொஞ்ச நாளில் பென்சில் தேவைப்படாது, கண்ணே பிரித்துவிடும்.

இனி எல்லோரையும் படுத்துகிற 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்'. ஒரு கூற்றைக் கொடுத்து, அது பாசேஜோடு ஒத்துப்போகிறதா, முட்டுகிறதா, இல்லை பாசேஜில் அந்தப் பேச்சே இல்லையா என்று கேட்கிற கேள்வி. பாடத்துக்காக நானே எழுதிவைத்திருக்கும் ஒரு சிறு பத்தியின் சாரம் இது: கப்பல்கள் வரத் தொடங்கும்வரை தீவில் பறவைகளின் எண்ணிக்கை நிலையாக இருந்தது. பின்னர் வேகமாகக் குறைந்தது. முட்டைகளைத் தின்ற எலிகளே காரணம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். காடு அழிக்கப்பட்டதே காரணம் என்கிறார்கள் வேறு சிலர்.

முதல் கூற்று: கப்பல்கள் வருவதற்கு முன்பே பறவைகள் குறையத் தொடங்கிவிட்டன. இது ஃபால்ஸ். 'நிலையாக இருந்தது' என்ற சொற்கள் நேராக முட்டுகின்றன. இரண்டாவது: காரணம் குறித்து ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ட்ரூ. 'ஒருமித்த கருத்து' என்ற சொல் பத்தியில் இல்லாவிட்டாலும் பொருள் முழுதாக இருக்கிறது. மூன்றாவது: எலிகள் கப்பலில் வந்து சேர்ந்தன. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ட்ரூ போடுவார்கள். பின்னே எலி நீந்தியா வந்தது என்று சண்டைக்கே வந்தவர்கள் உண்டு. ஆனால் எலிகள் எப்படி வந்தன என்று பத்தி வாயே திறக்கவில்லை. முன்பே தீவில் இருந்திருக்கலாம். நாட் கிவன்.

நீங்கள் சொந்தமாகச் சேர்க்கும் பொது அறிவு எதுவும் இங்கே செல்லாது. ஃபால்ஸ் போடுவதற்கு முன், கூற்றோடு முட்டுகிற வரி எது என்று கேளுங்கள். முட்டுகிற வரி இல்லை, ஒத்துப்போகிற வரியும் இல்லை என்றால் நாட் கிவன். இல்லாத வரியைத் தேடி ஐந்து நிமிடத்தைத் தொலைக்காதீர்கள். இந்த வகைக் கேள்விகள் பாசேஜின் வரிசையிலேயே வரும். இரண்டாவது கேள்விக்கும் நான்காவதற்கும் வரி கிடைத்துவிட்டால், மூன்றாவதைத் தேட வேண்டியது அந்த இடைவெளியில் மட்டும்தான். எந்தத் தகவல் எந்தப் பத்தியில் என்று பொருத்தச் சொல்கிற கேள்விக்கு அந்த வரிசை கிடையாது. அதைக் கடைசியில் செய்யுங்கள். அதற்குள் பாசேஜ் உங்களுக்குப் பழகியிருக்கும்.

சரி, சொற்களுக்கு வருவோம். திருத்தி முடித்த பாசேஜைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் சொற்பட்டியல் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கேள்வியில் வந்த சொல், வலப்பக்கம் அதே பொருளுக்குப் பாசேஜில் வந்த சொல். கேள்வியில் 'டிக்லைன்', பாசேஜில் 'நம்பர்ஸ் ஃபெல் ஷார்ப்லி'. கேள்வியில் 'லோக்கல் பீப்பிள்', பாசேஜில் 'இன்ஹாபிடன்ட்ஸ்'. ரீடிங் தாளே இந்த மாற்றுச்சொல் விளையாட்டுதான். கேள்வியில் இருக்கிற சொல்லையே பாசேஜில் தேடுகிறவருக்கு வரி கிடைக்காது. 'வ' போட்ட தப்புகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். ஒரு பாசேஜுக்கு எட்டு, பத்து ஜோடி தேறும். அகர வரிசையில் அச்சடித்த ஆயிரம் சொற்களைவிட இந்தப் பத்து உங்களுக்கு உதவும்.

பட்டியல் இல்லாமல் தூக்கம் வராது என்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்றைச் சிபாரிசு செய்வேன். 2000ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட். மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். கல்விசார்ந்த ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 10 சதவீதத்தை இவையே நிரப்புகின்றன. எத்தனை அடிக்கடி வருகின்றன என்பதை வைத்துப் பத்துத் துணைப்பட்டியல்களாகப் பிரித்திருக்கிறார். அதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாசேஜில் எதிர்ப்படும் சொல்லுக்கு எல்லாம் ஒரு டிக் அடியுங்கள். முதல் இரண்டு துணைப்பட்டியலில் டிக் விழாமல் நிற்கிற சொற்களை மட்டும் தனியாகப் படித்தால் போதும்.

தெரியாத சொல்லைவிட ஆபத்தானது தெரிந்ததாக நினைக்கிற சொல். நம் பேச்சில் புழங்குகிற ஆங்கிலச் சொற்கள்தான் இதில் முதல் எதிரி. 'அட்ரஸ்' என்றால் நமக்கு முகவரி. பாசேஜில் 'அட்ரஸ் தி ப்ராப்ளம்' என்று வந்தால் சிக்கலைத் தீர்க்க முற்படுவது. 'சஜஸ்ட்' என்றால் யோசனை சொல்வது என்று படித்திருப்போம். 'தி எவிடன்ஸ் சஜஸ்ட்ஸ்' என்னும் இடத்தில் சான்றுகள் சுட்டுகின்றன என்று பொருள், நிரூபித்துவிட்டன என்றில்லை. 'அக்கவுன்ட் ஃபார்' வந்தால் வங்கியை மறந்துவிடுங்கள். ஒன்றுக்குக் காரணமாவது, அல்லது மொத்தத்தில் இத்தனை பங்கு வகிப்பது. இன்னொரு பக்கம் சின்னச் சொற்கள். 'ஃப்யூ' என்றால் அநேகமாக இல்லை, 'எ ஃப்யூ' என்றால் சில உண்டு. 'ஹார்ட்லி'க்கும் கடின உழைப்புக்கும் சம்பந்தமே இல்லை; அதுவும் 'அநேகமாக இல்லை' என்பதுதான். இந்தச் சொற்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

சொல்லை எழுதும்போது தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி நிறுத்தாமல், அது வந்த வாக்கியத்தையும் எழுதுங்கள். 'ட்ரவுட்' என்றால் வறட்சி என்று எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் மேலே சொன்ன 'சஜஸ்ட்' போன்றவை வாக்கியம் இல்லாமல் நிற்காது. மறுநாள் வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். வந்தவற்றை மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். வராதவை மறுநாளே திரும்ப வர வேண்டும். மறைக்காமல் திரும்பத் திரும்ப வாசிப்பது பழக்கப்பட்ட முகத்தைப் பார்க்கிற திருப்தியை மட்டும்தான் தரும்; தேர்வில் பெயர் ஞாபகம் வராது.

பாசேஜ் படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் உடனே அகராதிக்கு ஓட வேண்டாம். அந்தச் சொல் இல்லாமலே கேள்விக்கு விடை எழுத முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரம் முடியும். முடியாவிட்டால் பக்கத்திலேயே காற்புள்ளிகளுக்கு நடுவில் விளக்கம் இருக்கிறதா, 'ஹவ்எவர்', 'அன்லைக்' மாதிரி எதிர்ப்பொருள் காட்டும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நல்லதா கெட்டதா, கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்தாலே பல கேள்விகளைத் தாண்டிவிடலாம். அகராதி, திருத்தி முடித்த பிறகு.

மாதிரித் தாள் இல்லாத நாட்களில் அறிவியல், வரலாறு, உயிரினங்கள் பற்றிய நீண்ட விளக்கக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் படியுங்கள். ஒரு பத்தி முடிந்ததும் கண்ணை எடுத்துவிட்டு, அதன் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம், குற்றமில்லை. தலைப்பு பொருத்தும் கேள்விகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நேரம் வைக்காமல் 40க்கு உங்கள் இலக்கைத் தொடுகிறீர்கள், வரிகளும் சரியாக இருக்கின்றன என்றால் இப்போது கடிகாரத்தை எடுங்கள். பாசேஜுக்கு 20 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. மூன்றாவது கடினமாக இருக்கும் என்பதால் முதலாவதை 16, 17 நிமிடத்தில் முடித்து மிச்சத்தை அங்கே தள்ளுங்கள். தாளில் எழுதும் தேர்வென்றால், லிசனிங்கில் தருவதுபோல விடைகளைப் படியெடுக்கத் தனி நேரம் ரீடிங்கில் கிடையாது. அந்த 60 நிமிடத்துக்குள்ளேயே விடைத்தாளிலும் எழுதி முடித்தாக வேண்டும். ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஒரு விடையை ஊகித்து எழுதி, கேள்வி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். கழிவு இல்லாத தேர்வில் காலியாக விடப்பட்ட கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கணினியில் எழுதுகிறவர்கள், திரையில் வரியைத் தேர்ந்தெடுத்து நிறமிடும் வசதியைத் தேர்வுக்கு முன்பே மாதிரித் தளத்தில் பழகிக்கொள்ளுங்கள். பென்சிலால் அடிக்கோடு போட்டுப் பழகிய கைக்குத் திரையில் முதல் பத்து நிமிடம் தடுமாற்றமாகத்தான் இருக்கும்.