சும்மா நிற்கும் மாஸ்ஃபெட் ஏன் எரிகிறது? 240 வாட் பக்-பூஸ்ட் கட்டுவோம்

பக்-பூஸ்ட் என்றால் வோல்டேஜைக் குறைக்கவும் ஏற்றவும் செய்யும் சர்க்யூட்; அதில் வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் ஸ்விட்ச்தான் மாஸ்ஃபெட். உள்ளீடு 18 முதல் 36 வோல்ட் வரை ஆடும். வெளியே 24 வோல்ட், 10 ஆம்பியர் அசையாமல் வரவேண்டும். ஒற்றை மாஸ்ஃபெட் வைக்கும் பக்-பூஸ்ட் இதற்கு வேண்டாம்: வெளியீடு மைனஸில் வரும், மாஸ்ஃபெட்டும் 36 + 24 = 60 வோல்ட் தாங்கியாக வேண்டும். நடுவில் இண்டக்டர் (கம்பிச்சுருள்), இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என நான்கு மாஸ்ஃபெட் வைப்போம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மேல், ஒன்று கீழ். இடப்பக்க ஜோடி வோல்டேஜைக் குறைக்கும், வலப்பக்க ஜோடி ஏற்றும்.

படி 1: கணக்கு
18 வோல்ட்டில்தான் இழுவை அதிகம். 95% திறன் என்று வைத்தால் 240 ÷ 0.95 ÷ 18, சுமார் 14 ஆம்பியர். இண்டக்டருக்கு 36 வோல்ட்டைப் பாருங்கள். டூட்டி (மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும் நேரப் பங்கு) 24/36 = 67%; 100 கிலோஹெர்ட்ஸ், 4 ஆம்பியர் ரிப்பிள் (கரண்ட்டின் ஏற்ற இறக்கம்) என்றால் 20 மைக்ரோஹென்றி வருகிறது. 22 வாங்குங்கள், சாச்சுரேஷன் கரண்ட் (இண்டக்டர் வலுவிழக்காமல் தாங்கும் கரண்ட்) 20 ஆம்பியருக்கு மேல் இருக்கட்டும்.

படி 2: பாகங்கள்
ஐஆர்எஃப்3205 மலிவுதான், ஆனால் 55 வோல்ட். 36-க்கு மேல் ரிங்கிங் (ஸ்விட்ச் ஆகும்போது துள்ளும் வோல்டேஜ்) ஏறினால் தாங்காது. 100 வோல்ட் ஐஆர்எஃப்பி4110 போடுங்கள். டிரைவர் (மாஸ்ஃபெட்டின் கேட்டை இயக்கும் ஐசி) ஐஆர்2110, அது டெட் டைம் (மேலும் கீழும் சேர்ந்து ஆன் ஆகாமலிருக்க விடும் இடைவெளி) தராது, கன்ட்ரோலரில் நீங்கள்தான் கொடுக்கவேண்டும். கேட்டில் 10 ஓம், கேட்-சோர்ஸ் இடையே 10 கிலோ ஓம்.

படி 3: முதல் பவர்
லாரி இண்டிகேட்டருக்குப் போடும் 24 வோல்ட் 21 வாட் பல்பை சப்ளையோடு சீரியஸில் வைத்து, லோடு இல்லாமல் ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட்.

படி 4: எரிந்தால்
மாஸ்ஃபெட்டைக் கழற்றி மீட்டரை டையோடு மோடில் வையுங்கள். சிவப்பு சோர்ஸில், கறுப்பு டிரெயினில்: 0.5 வோல்ட் பக்கம் காட்டவேண்டும். கேட்-சோர்ஸ் இடையே பீப் அடித்தால் ஆள் அவுட். டிரைவர் ஐசியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பெரும்பாலும் அதுவும் போயிருக்கும்.

என் போர்டில் மூன்று முறை எரிந்தது வலப்பக்க மேல் மாஸ்ஃபெட். 36 வோல்ட் உள்ளீட்டில் அதற்கு ஸ்விட்சிங் வேலையே கிடையாது, ஆனில் சும்மா நிற்கும். டெட் டைமை மாற்றினேன், கேட் ரெசிஸ்டரை மாற்றினேன், பலனில்லை. வெளியீடோ 24 வோல்ட் அச்சு மாதிரி வந்துகொண்டிருந்தது. கடைசியில் அதன் கேட்-சோர்ஸில் மீட்டரை வைத்தால் பூஜ்யம்!

விஷயம் இதுதான். மேல் டிரைவருக்குச் சாப்பாடு பூட்ஸ்டிராப் கெபாசிட்டர். கீழ் மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போதுதான் அது சார்ஜ் ஆகும். இங்கே கீழது ஆன் ஆவதே இல்லை. 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சில மில்லி செகண்டில் 8 வோல்ட் அளவுக்கு இறங்க, டிரைவர் கேட்டை அணைத்துவிடுகிறது. கரண்ட் நிற்காமல் உள் டையோடு வழியாகப் போகிறது: 0.8 வோல்ட் × 10 ஆம்பியர் = 8 வாட். நான் ஆனில் நிற்கும் மாஸ்ஃபெட்டுக்கு 0.45 வாட் என்று கணக்குப் போட்டு ஹீட்சிங்கே வைக்கவில்லை!

மேல் டிரைவர் இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு வாட் ஐசொலேட்டட் 12 வோல்ட் மாட்யூல் வைத்தேன். கேட்டில் இப்போது 11.8 வோல்ட், மாஸ்ஃபெட்டில் விரல் வைக்க முடிகிறது. 18 வோல்ட் உள்ளீட்டில் சும்மா நிற்பது இடப்பக்க மேல் மாஸ்ஃபெட். அதன் கேட்டையும் இதேபோல் அளந்துவிட்டு முழு லோடு கொடுங்கள்.