ஒரே பெயரில் நாலு பேர்: கிரேக்கப் புராணத்தில் கிளாக்கஸ்களைப் பிரித்தறிவது எப்படி?

டிராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டைக் கையில் எடுத்த புதிதில் பலரும் திணறுவது பெயர்களில்தான். அகிலிஸ், ஹெக்டர் போன்ற பெரிய ஆட்கள் மனதில் நின்றுவிடுவார்கள். நாலு வரிக்கு வந்து போகிறவர்கள்தான் சிக்கல். அதிலும் அதே பெயர் வேறொரு கதையில் வேறொரு ஊரில் தலைகாட்டினால், இவர்தான் அவரா என்று சந்தேகம் வந்துவிடும். இந்தச் சின்னக் கதாபாத்திரங்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒருவருடைய கதையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டால் இரண்டு பேருமே காணாமல் போய்விடுகிறார்கள். அதனால் கிளாக்கஸ் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டு, ஆட்களை எப்படிப் பிரிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: பெயரோடு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டோ எக்செல் கோப்போ போதும். பெயரை மட்டும் எழுதாமல், எந்த நூலில் எந்தப் பகுதியில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "கிளாக்கஸ், இலியட், 6-ஆம் காண்டம்" என்பதுபோல. இணையத்தில் தேடும்போது இந்தப் பெயருக்கு இரண்டு எழுத்துமுறைகள் இருப்பது நினைவிருக்கட்டும்: லத்தீன் வழியில் கிளாக்கஸ், கிரேக்க வழியில் கிளௌகோஸ். விக்கிப்பீடியாவில் இப்படிப்பட்ட பெயர்களுக்குப் பெரும்பாலும் 'பக்கவழி நெறிப்படுத்தல்' பக்கம், அதாவது ஒரே பெயருள்ளவர்களின் பட்டியல், ஒன்று இருக்கும். அங்கே தொடங்கலாம், ஆனால் அந்தப் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம்.

படி 2: அப்பா பெயரைத் தேடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஹோமரின் வீரர்களே ஒருவரை ஒருவர் அப்படித்தான் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

6-ஆம் காண்டத்தில் இரண்டு படைகளுக்கும் நடுவே கிரேக்கர் பக்கத்து டயோமிடிஸும் டிராய் பக்கத்து கிளாக்கஸும் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். நீ யார் என்று டயோமிடிஸ் கேட்கிறான். கிளாக்கஸ் தன் வம்சத்தையே சொல்லத் தொடங்குகிறான். எஃபைரா என்ற ஊரில் (கொரிந்துதான் அது) சிசிஃபஸ் இருந்தான். அவன் மகன் கிளாக்கஸ். அந்தக் கிளாக்கஸின் மகன் பெல்லரோஃபோன். அவன் லைசியாவுக்குப் போய் அங்கேயே தங்கினான். அவன் மகன் ஹிப்போலோக்கஸ். அந்த ஹிப்போலோக்கஸின் மகன் நான்.

கவனித்தீர்களா? பேசுகிறவன் கிளாக்கஸ். அவன் சொல்லும் கதைக்குள்ளும் ஒரு கிளாக்கஸ். முதலாமவனுக்கு இவன் கொள்ளுப்பேரன். வேகமாகப் படித்தால் பெல்லரோஃபோனின் அப்பாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். முன்னோர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது கிரேக்கர்களிடம் சர்வ சாதாரணம். அதனால் ஒரே குடும்பத்துக்குள் பெயர் திரும்ப வந்தால் சந்தேகமே படாதீர்கள், தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

இந்தச் சந்திப்பின் முடிவும் அருமை. உன் தாத்தா என் தாத்தா ஈனியஸின் வீட்டில் இருபது நாள் விருந்தாளியாக இருந்தவர் என்கிறான் டயோமிடிஸ். சண்டை அதோடு நின்றுபோகிறது. இருவரும் கவசத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கிளாக்கஸ் கொடுத்தது 100 மாடு பெறுமான தங்கக் கவசம், வாங்கிக்கொண்டது 9 மாடு பெறுமான வெண்கலக் கவசம். இந்தக் கவசக் கதை கொள்ளுப்பேரனுடையது. சிசிஃபஸின் மகனுடைய கதை வேறு: இறந்துபோன பெலியாஸ் என்ற மன்னனின் நினைவாக நடந்த போட்டியில் தேர் ஓட்டி, கடைசியில் தன் குதிரைகளுக்கே இரையானவன் அவன்.

படி 3: ஊரையும் சேருங்கள், ஆனால் ஊரை மட்டும் நம்பாதீர்கள்

இன்னும் இரண்டு கிளாக்கஸ்கள் பாக்கி. ஒருவன் கிரீட் தீவின் மன்னன் மினோஸின் மகன். மற்றவன் கிரேக்கத்தின் பியோஷியா பகுதியில் அந்தேடோன் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த மீனவன்.

மினோஸின் மகன் சிறுவயதில் எலியைத் துரத்திக்கொண்டு ஓடி, தேன் நிரம்பிய பெரிய தாழிக்குள் விழுந்து இறந்துபோனான். மகனைப் பிழைக்க வை என்று, சடலத்தோடு பொலியிடஸ் என்ற குறிசொல்பவரையும் ஓர் அறைக்குள் அடைத்தான் மினோஸ். அங்கே வந்த ஒரு பாம்பைப் பொலியிடஸ் கொன்றார். இன்னொரு பாம்பு மூலிகை ஒன்றைக் கொண்டுவந்து செத்த பாம்பின் மேல் போட, அது உயிர் பெற்றது. அதே மூலிகையால் அவர் பையனையும் பிழைக்க வைத்தார். அந்தேடோன் மீனவனோ, பிடித்த மீன்களைப் புல்லில் போட்டபோது அவை உயிர்பெற்றுக் கடலுக்குள் குதித்ததைப் பார்த்தான். அந்தப் புல்லைத் தானும் தின்று கடல் தெய்வமாக மாறினான்.

இரண்டு கதையிலும் மூலிகை இருக்கிறது, செத்தது பிழைக்கிறது. சம்பவத்தை வைத்து ஆளை அடையாளம் காண முயன்றால் இங்கே மாட்டிக்கொள்வோம். கிரீட், அந்தேடோன் என்று ஊரைப் பக்கத்தில் எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை.

ஆனால் ஊரும் எப்போதும் காப்பாற்றாது. குதிரைகளுக்கு இரையான கிளாக்கஸைக் கொரிந்தோடும் சேர்த்துச் சொல்வார்கள், தீப்ஸுக்குப் பக்கத்திலுள்ள போட்னியேவோடும் சேர்த்துச் சொல்வார்கள். ஊர் இரண்டு என்பதற்காக ஆளை இரண்டாக்கிவிடக் கூடாது. கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ் இந்தக் கிளாக்கஸைப் பற்றி ஒரு நாடகமும் கடல் கிளாக்கஸைப் பற்றி ஒரு நாடகமும் எழுதினார். முதலாவது 'போட்னியே கிளாக்கஸ்', மற்றது 'கடல் கிளாக்கஸ்' என்று அடைமொழியோடு வழங்குகின்றன. இரண்டிலும் சிதறிய வரிகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. உங்கள் குறிப்பிலும் இப்படி ஓர் அடைமொழி கொடுத்துவிடுங்கள்.

படி 4: தலைமுறையைக் கணக்கிடுங்கள்

டிராய் போரை நடுவில் வைத்துக்கொண்டு, அதற்கு எத்தனை தலைமுறை முன்னால் என்று பாருங்கள். மினோஸின் இன்னொரு மகன் டியூகாலியன். அவன் மகன் இடோமினியஸ் டிராயில் சண்டை போடுகிறான். ஆகவே தேன் தாழிக் கிளாக்கஸ் இடோமினியஸுக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஆக வேண்டும். போருக்கு ஒரு தலைமுறை முன்னால். (இந்த டியூகாலியனும் பெருவெள்ளத்தில் தப்பிய டியூகாலியனும் வேறு வேறு. அதற்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.)

படி 5: தீராததைத் தீர்க்காதீர்கள்

சில இடங்களில் நூலே விடை சொல்லாது. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னனின் தூதன் ஒருவன் யூரிபாட்டிஸ். ஒடிசியஸின் தூதனும் யூரிபாட்டிஸ்தான். கூன்விழுந்த தோள், கருத்த தோல், சுருட்டை முடி என்று ஒடிசியஸின் தூதனை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசி வர்ணிக்கிறது. இலியட் 9-ஆம் காண்டத்தில் அகிலிஸைச் சமாதானம் செய்யப் போகிற குழுவோடு ஒரு யூரிபாட்டிஸ் போகிறான். எவன்? அனுப்புவது அகமெம்னன், போகிறவர்களில் ஒடிசியஸும் ஒருவன். அப்பா பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இரண்டு குறிப்பிலும் கேள்விக்குறியோடு எழுதிவிட்டு மேலே போங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல் பைலிமினிஸ். டிராய் பக்கம் நின்ற பாஃப்லகோனிய நாட்டு மன்னனான இவன் இலியட் 5-ஆம் காண்டத்தில் கிரேக்க மன்னன் மெனலாஸின் ஈட்டிக்குப் பலியாகிறான். 13-ஆம் காண்டத்தில் இறந்துபோன மகனுக்காக அழுதுகொண்டே நடந்து வருகிறான்! இவன் அதே பெயருள்ள வேறொருவன் என்று பழைய உரையாசிரியர்களில் சிலர் சமாளித்தார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டு இடத்திலும் அவன் பாஃப்லகோனியர்களின் தலைவன்தான். அவ்வளவு நீளமான காவியத்தில் கவியின் நினைவு ஓரிடத்தில் தவறியது என்று வைத்துக்கொள்வதே எளிது. முரண்பாடு வந்தவுடன் புதிதாக ஓர் ஆளை உருவாக்காதீர்கள்.

பயிற்சிக்கு இரண்டு பெயர்கள்

யூரிடியன்: கெரியோன் என்ற அரக்கனின் மாடுகளை மேய்த்து ஹெராக்ளிஸின் கையால் இறந்தவன் ஒருவன், கலிடோன் பன்றி வேட்டையில் பீலியஸின் ஈட்டி தவறிப் பட்டு இறந்தவன் ஒருவன், குதிரை உடல்கொண்ட சென்டார் ஒருவன். மூவருக்கும் மூன்று குறிப்பு எழுதிப் பாருங்கள்.

அடுத்தது ஸ்கில்லா, இது கொஞ்சம் கடினம். ஒருத்தி மெகாராவின் மன்னன் நைசஸின் மகள். மற்றவள் மாலுமிகளைப் பிடித்துத் தின்கிற கடல் பூதம். நம் கடல் கிளாக்கஸ் காதலித்தது இவளைத்தான். ரோமானியக் கவிஞர் வெர்ஜில் தன் ஆறாவது ஆயர் பாட்டில் கடல் பூதத்தையே நைசஸின் மகள் என்று சொல்லிவிடுகிறார். அதனால் குறிப்பு இரண்டாகவே இருக்கட்டும். வெர்ஜில் சேர்த்துச் சொன்ன செய்தியை இரண்டின் அடியிலும் எழுதிவிடுங்கள்.