முதலில் கதை, அப்புறம் கம்பி: காகிதக்கூழ் விலங்கு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காகிதக்கூழில், அதாவது கம்பி உள்கூட்டின் மேல் பசை தடவிய காகிதத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி, விலங்கு செய்பவர்களிடம் அதிகம் பார்க்கிற தவறு பசையிலோ காகிதத்திலோ இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. உருவத்தைச் செய்து, வண்ணமும் அடித்து, எல்லாம் முடிந்து அலமாரியில் வைத்த பிறகுதான் 'சரி, இதுக்கு ஒரு பேரும் கதையும் வேணுமே' என்று யோசிக்கிறார்கள். அந்த நேரத்தில் வருகிற கதை எந்த விலங்குக்கும் பொருந்திவிடும். 'இது ஒரு குறும்புக்கார நரி, காட்டில் எல்லோருக்கும் உதவி செய்யும்.' இந்த வரியைக் கழற்றிப் பக்கத்தில் இருக்கும் கரடியின் கழுத்தில் மாட்டினாலும் எதுவும் மாறாது. அப்படியென்றால் அந்த உருவத்துக்கு இன்னும் கதையே கிடைக்கவில்லை.

கதை உடம்பில் தெரிய வேண்டும். தண்ணீருக்குப் பயப்படும் ஒரு நாரையை எடுத்துக்கொள்வோம். இப்படி முடிவு செய்த உடனேயே பாதி வேலைக்கு விடை கிடைத்துவிடுகிறது. அது மற்ற நாரைகளைப் போல நிம்மதியாக ஒற்றைக்காலில் நிற்காது. ஈரத்தில் நடப்பவர் உடுப்பைத் தூக்கிப் பிடிப்பது போல இறக்கைகளைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கும், விரல்களைச் சுருக்கி நுனிக்காலில் நிற்கும், கழுத்து வளைந்து கண் இரண்டும் தரையையே பார்க்கும், இதைப் பார்ப்பவருக்கு நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை. இதில் எதையும் வண்ணம் அடிக்கும்போது சேர்க்க முடியாது, எல்லாமே கம்பியை வளைக்கும்போதே முடிவாகிற விஷயங்கள். அதனால் ஒரு துண்டுத் தாளில் மூன்றே மூன்று விஷயம் எழுதிக்கொண்டு உட்காருங்கள்: இந்த விலங்கின் ஒரு பழக்கம், அதற்கு வேண்டிய ஒரு பொருள், அது தவிர்க்கிற ஒன்று. அது போதும்.

இதற்கு நேர்எதிரான தவறும் உண்டு. கதை பெரிதாகப் பெரிதாக, தொப்பி, கண்ணாடி, பை, குடை, கையில் ஒரு விளக்கு என்று சாமான்களும் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் விலங்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஒரு பொருள் வைத்தால் கண் அங்கே நிற்கும், ஐந்து வைத்தால் எங்கேயும் நிற்காது.

'கற்பனை விலங்குதானே, எப்படி வேண்டுமானாலும் செய்யலாம்' என்று நினைப்பதும் ஆளைக் கவிழ்க்கும். அது சரியில்லை என்பதற்கு மெக்சிகோ நகரத்தின் பெத்ரோ லினாரெஸ் (1906–1992) நல்ல உதாரணம். 1936 வாக்கில் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, இறக்கை வைத்த கழுதை, காளைக் கொம்பு முளைத்த சேவல் மாதிரி விசித்திரமான விலங்குகளைக் கனவில் கண்டதாகவும், எழுந்த பிறகு அவற்றைக் காகிதத்தில் செய்யத் தொடங்கியதாகவும் அவர் சொன்னார். அலெப்ரிஹே என்று உலகம் இன்று அழைக்கும் உருவங்கள் அங்கிருந்துதான் வந்தன. கனவுக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவர் அதற்கு முன்பே காகிதத்திலும் அட்டையிலும் முகமூடிகளும் திருவிழா உருவங்களும் செய்து பிழைத்தவர் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தக் கனவு தேர்ந்த கைகளுக்கு வந்ததால்தான் நின்றது.

ஆகவே எதை மாற்றப் போகிறீர்களோ அதன் நிஜத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாரையின் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று பலரும் நினைப்போம். அங்கே மடங்குவது கணுக்கால், உண்மையான முழங்கால் உடம்பை ஒட்டி இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. நாய், பூனையின் பின்னங்காலில் பின்னோக்கித் துருத்தி நிற்பதும் கணுக்கால்தான். இது தெரியாமல் கம்பியை வளைத்தால் வரும் உருவம் 'என்னமோ சரியில்லையே' என்று பார்ப்பவரை உறுத்தும், காரணம் அவருக்கும் சொல்லத் தெரியாது. மூட்டுகள் சரியாக இருந்தால், மேலே பச்சை வண்ணம் அடித்து மூன்று கொம்பு வைத்தாலும் அது உயிருள்ள விலங்காகவே தோன்றும்.

சரி, உள்கூட்டுக்கு வருவோம். இரண்டு காலையும் தனித்தனிக் கம்பியாக வெட்டி உடம்பில் குத்தி வைப்பதை விட்டுவிடுங்கள். ஒரு பாதத்தில் தொடங்கி, கால் வழியாக ஏறி, உடம்புக்குள் வளைந்து, மறு காலில் இறங்கி அடுத்த பாதத்தில் முடியும் ஒரே கம்பி, அதுவும் இரட்டையாக முறுக்கியது, எவ்வளவோ உறுதி. சாதாரண இரும்புக் கம்பி ஈரப் பசையில் துருப்பிடிக்கும், அந்தக் கறை வெள்ளைப் பூச்சையும் தாண்டி மஞ்சளாக மேலே வரும். அலுமினியமோ துத்தநாகம் பூசியதோ நல்லது, கையில் இருப்பது இரும்புதான் என்றால் முழுவதும் டேப் சுற்றிவிடுங்கள். உடம்புக்குக் கசக்கிய செய்தித்தாள் வைக்கும்போது கையால் அழுத்திப் பாருங்கள், உள்ளே அமுங்கினால் இன்னும் கசக்கி இறுக்கிச் சுற்ற வேண்டும். பலூனை வைத்துச் செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இரவில் குளிர்ந்தால் பலூன் சுருங்கும், பகல் சூட்டில் விரியும், அதன் மேல் ஈரமாக இருக்கும் காகித ஓடு அதோடு சேர்ந்து மடங்கும் அல்லது பிளக்கும்.

காகிதம் ஒட்டும் முன்பே உருவம் தானாக நிற்க வேண்டும். இப்போது லேசாகத் தலை சாய்கிற நாரை, தலையில் கூழும் அலகில் வண்ணமும் ஏறிய பிறகு கண்டிப்பாக முகம் குப்புற விழும். பாதத்துக்கடியில் கம்பியை வளையமாக விட்டு ஒரு பலகையில் அடித்துவிடலாம். குட்டையான விலங்கு என்றால் வயிற்றின் அடியில் சிறு கூழாங்கற்களை டேப்பால் இறுக்கி வைக்கலாம்.

காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். கையால் கிழித்த ஓரத்தில் நார் மெலிந்து பிரிந்திருப்பதால் அடுத்த துண்டோடு கலந்துவிடும், வெட்டிய ஓரமோ கோடு கோடாகத் துருத்திக்கொண்டு வண்ணத்துக்கு அடியிலும் தெரியும். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராக வரும், மறு திசையில் கோணலாகப் போகும், அதில் நார் ஓடும் திசை அப்படி, எனவே கிழித்துப் பார்த்துத் திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு 2 அல்லது 3 செ.மீ. அகலம், கழுத்து வளைவுக்கும் கண்குழிக்கும் அதில் பாதிக்கும் குறைவு. அகலமான துண்டை வளைவில் ஒட்டினால் சுருக்கம் விழும், அதை எவ்வளவு தடவினாலும் போகாது. பளபளப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், அதன் மேல்பூச்சு பசையை உள்ளே விடாது.

பச்சை மாவைத் தண்ணீரில் கரைத்து அப்படியே பூசுவதைவிடக் காய்ச்சிய பசை நல்லது. ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தத் தண்ணீர் ஏறக்குறைய ஐந்து பங்கு வரும்படி கொதிக்கும் நீரில் ஊற்றி, பளபளப்பாகக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறினால் மாவுச்சத்து உப்பி நன்றாகப் பிடிக்கும். பூஞ்சணத்துக்குப் பயந்து உப்பை அள்ளிப் போடச் சொல்வார்கள். ஒரு சிட்டிகை பரவாயில்லை, அதிகமானால் உப்பே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு உருவத்தைப் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். பூஞ்சணத்துக்கு உண்மையான மருந்து காயவைப்பதுதான். புளித்த வாடை வந்த பசையைக் கொட்டிவிடுங்கள்.

காயவைப்பதில்தான் பெரும்பாலான உருவங்கள் கெட்டுப்போகின்றன, ஏனென்றால் அங்கே நமக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை, சும்மா இருப்பது கஷ்டம். ஒரே மூச்சில் ஆறேழு அடுக்கு ஒட்டிவிட்டால் வெளி அடுக்கு முதலில் காய்ந்து இறுகும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் நாட்கணக்கில் நிற்கும். மேலே தட்டினால் கெட்டியாகத்தான் இருக்கும், நீங்களும் நம்பி வண்ணம் அடித்துவிடுவீர்கள், சில வாரங்களில் கரும்புள்ளியும் மக்கிய வாடையும் வரும். இரண்டு அடுக்கு, மிஞ்சினால் மூன்று, அப்புறம் ஒரு முழுநாள் காயவிடுங்கள், மழைக்காலமென்றால் இன்னும் கூட. அடுக்குகளை எண்ணுவதில் குழப்பம் வந்தால் ஒருமுறை செய்தித்தாள், மறுமுறை வெள்ளைத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள், எங்கே விட்டுப்போனது என்று பார்த்தவுடன் தெரியும்.

சீக்கிரம் காயட்டும் என்று கொளுத்தும் வெயிலில் வைப்பதும், ஹேர் டிரையரை ஒரே இடத்தில் பிடிப்பதும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சுருங்கி உருவம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும், நாரையின் கழுத்து மாதிரி மெலிந்த பகுதி என்றால் நீங்கள் கொடுத்த வளைவே மாறிவிடும். மின்விசிறிக் காற்றில் வைத்து அவ்வப்போது திருப்பி வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள், உள்ளிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தால் சில்லென்று இருக்கும். இதைவிட உறுதியான வழி தராசு. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடை போட்டு வாருங்கள், எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று பொருள். வயிறு பருத்த பெரிய விலங்கு என்றால் நாலு அடுக்கு காய்ந்ததும் கத்தியால் கீறி, உள்ளே நனைந்து கிடக்கும் தாளை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, பிளவை மறுபடி காகிதப் பட்டையால் ஒட்டிவிடலாம். எடையும் குறையும், உள்ளேயும் காற்றுப் படும்.

காகிதம்தானே, எவ்வளவு தாங்கிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி. 1772இல் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஹென்றி கிளே, தாள்களைப் பசையால் அடுக்கி ஒட்டி, ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, சூட்டில் இறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பலகைகளை மரத்தைப் போலவே அறுக்க முடிந்தது, தாம்பாளங்களும் வண்டிகளின் பக்கப் பலகைகளும் அதில் செய்தார்கள். அடுக்கு அடுக்காகச் சரியாகக் காய்ந்த காகிதம் பலவீனமான பொருள் இல்லை.

புருவம், அலகு, விரல் நகம் போன்ற நுணுக்கங்களுக்கு, காகிதத்தை ஊறவைத்து மசித்த கூழைப் பயன்படுத்தும்போது தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிடுங்கள். காயக் காயக் கூழ் சுருங்கும், தடிமனாக அப்பினால் வெடிப்பு விழும், மெல்லியதாக இரண்டு மூன்று முறை வைப்பதே சரி. செய்தித்தாள் மேல் நேராக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நார் பிய்ந்து பஞ்சு பஞ்சாக எழும்பும். முதலில் வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கை அடித்துக் காயவிட்டு, அந்தப் பூச்சைத் தேயுங்கள், தூசி மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொண்டு. அடிப்பூச்சு இல்லாவிட்டால் அச்செழுத்தும் வண்ணத்தின் ஊடே எட்டிப் பார்க்கும்.

வண்ணத்தில் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது கண்ணைத்தான். கருவிழியை நட்டநடுவில் வட்டமாக வைத்துவிட்டால் எந்த விலங்கும் திகைத்துப் போய் முறைப்பது போலவே இருக்கும். அது எதைப் பார்க்கிறது என்று கதையைக் கேளுங்கள். நம் நாரை தரையைப் பார்க்கிறது, எனவே கருவிழி கீழே இறங்கி, மேல் இமை அதில் கொஞ்சத்தை மூட வேண்டும். வெளிச்சப் புள்ளியை இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் வையுங்கள், ஒன்று இடது, ஒன்று வலது என்று போனால் பார்வை சிதறிவிடும். உடம்பு முழுக்க மினுமினுக்கும் வார்னிஷ் அடிப்பதையும் நான் விரும்புவதில்லை. உடம்புக்கு மங்கலான வார்னிஷ், கண்ணுக்கு மட்டும் பளபளப்பு, இந்த ஒரு வித்தியாசமே கண்ணை ஈரமாகக் காட்டும்.

அப்புறம் கதையை எழுதுவது. உருவத்தோடு வைக்கும் சீட்டில் எழுதும் கதை ஐந்தாறு வாக்கியம் தாண்ட வேண்டாம். உருவத்தில் ஏற்கெனவே தெரிவதைத் திரும்பச் சொல்வது வீண். 'இந்த நாரைக்குத் தண்ணீர் என்றால் பயம், அதனால் நுனிக்காலில் நிற்கிறது' என்று எழுதினால் பார்ப்பவருக்குக் கண்டுபிடிக்க மிச்சம் என்ன இருக்கிறது? மாறாக, 'குளம் வற்றுவதற்காக நாலு கோடையாகக் காத்திருக்கிறது. மீன் வாங்கித்தர ஒரு மீன்கொத்தியிடம் பேசி வைத்திருக்கிறது' என்று எழுதுங்கள். பயம் என்ற வார்த்தையே இல்லை, ஆனால் உருவத்தில் இல்லாத ஒன்று கதையில் வந்துவிட்டது. 'மாயாஜால உலகில் ஒரு காலத்தில்' என்று தொடங்காதீர்கள், சாதாரணமான, குறிப்பான ஒரு விவரம் அதைவிட நம்ப வைக்கும். ஏன் பயம் வந்தது என்பதையும் சொல்லாமல் விடுங்கள், குழந்தைகள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எல்லாமே உங்கள் காரணத்தைவிட நன்றாக இருக்கும்.

வார்னிஷ் அடித்துவிட்டால் தண்ணீர் படலாம் என்று நினைக்க வேண்டாம். தெறித்த நீரைத் துடைக்கும்வரை தாங்கும், அவ்வளவுதான், தோட்டத்திலோ குளியலறையிலோ வைக்கக் கூடாது. தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். மாவுப்பசை கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் பிடித்த தீனி, பாதத்தின் அடிப்பக்கம், வயிற்றில் கீறி ஒட்டிய இடம் என்று எங்கேயும் பூச்சு விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்காவது கொடுக்கும்போது கதைச் சீட்டை உருவத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டாம், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள் அல்லது அடிப்பலகைக்குக் கீழே ஒரு உறையில் வையுங்கள், கூடவே செய்த ஆண்டையும் எழுதிவிடுங்கள்.