பனியன் கம்பெனியில் நோட்டுக் கணக்கிலிருந்து ஸ்கேனுக்கு: யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது

திருப்பூர்ப் பக்கம் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குச் சம்பளம் என்று ஓடும் கம்பெனி, நோட்டில் எழுதுவதை விட்டு, ஒவ்வொரு துணிக்கட்டையும் டேப்லெட்டில் ஸ்கேன் செய்து கணக்கு ஏற்றும் பண்டில் ஸ்கேனுக்கு மாறினால், டெய்லர்கள் மனதில் முதலில் எழும் கேள்வி, "ரேட்டைக் குறைக்கத்தானே இது?" இதற்குப் பதில் முடிவாகாமல் டேப்லெட்டை மாட்டாதீர்கள்.

முதலில் லைன் சூப்பர்வைசர்களையும் கான்ட்ராக்டர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். இதுவரை நோட்டு அவர்கள் கையில்தான் இருந்தது. டெய்லர் கேட்கும்போது அவர்கள் "எனக்கே தெரியாதுங்க" என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

டெய்லர்களிடம் திங்கள், செவ்வாயில் பேசுங்கள். சனிக்கிழமை சம்பளத்தோடு சேர்த்துச் சொன்னால், அந்த வாரம் குறைந்த பத்து ரூபாய்க்கும் ஸ்கேன்தான் காரணம் என்றாகிவிடும். ஷிப்மெண்ட் வாரமும் தீபாவளி போனஸ் சமயமும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு லைனாக, பத்து நிமிடம் மெஷினை நிறுத்தி, அந்த நேரத்துக்கும் காசு போட்டுச் சொல்லுங்கள்: "அக்கா, ரேட் மாறாதுங்க. ரெண்டு சனிக்கிழமைக்கு நோட்டும் கூடவே ஓடும். வித்தியாசம் வந்தா எது அதிகமோ அதுதான் சம்பளம்." இதையே முதலாளி கையெழுத்தோடு போர்டில் ஒட்டுங்கள். ஒடிசா, பீகார் ஆட்களுக்குத் தமிழ் நோட்டீஸ் போதாது; அவர்கள் நம்பும் ஒருவர் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது ஆல்டரில், அதாவது தையல் சரியில்லை என்று திருத்தத் திரும்பி வரும் பீஸில். 20 பீஸ் பண்டிலில் 2 ஆல்டருக்குத் திரும்பினால், செக்கிங் முடியும்வரை மொத்தப் பண்டிலும் கணக்கில் ஏறாதபடி சாஃப்ட்வேர் போடுபவர்கள் அமைத்துவிடுகிறார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் 20 பீஸும் காணாமல் போகும். டெய்லருக்கு அது திருட்டுத்தான். 18ஐ அன்றே ஏற்றி, 2ஐ மட்டும் நிறுத்திவைக்கும்படி அவர்களை மாற்றச் சொல்லுங்கள். ஷிப்ட் முடிந்ததும் அவரவர் எண்ணிக்கையைத் திரையில் காட்டுங்கள். நோட்டோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகட்டும்.

ரேட்டைக் குறைப்பதோ, பீஸ் ரேட்டை விட்டு ஷிப்ட் சம்பளத்துக்கு மாறுவதோ வேறு விஷயம். அதற்கு 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 40ஆம் பிரிவும் அதையே கேட்கிறது.

ஒரு லைனில் இரண்டு சனிக்கிழமையும் கணக்கு ஒத்துவந்த பிறகே அடுத்த லைனுக்குப் போங்கள். அங்கே பேச சூப்பர்வைசர் வேண்டாம். முதல் லைன் டெய்லர் ஒருவரை, அவருடைய அந்த நேரத்துச் சம்பளத்தையும் கொடுத்து அனுப்புங்கள்.