ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ்: தம்பதியாகப் போக ஒன்பது இரவுத் திட்டம்

இத்தாலிப் பயணத்தைப் பெரும்பாலானோர் ஊர்களில் இருந்து திட்டமிடுகிறார்கள். கிழமையில் இருந்து தொடங்குவதே சரி. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள், ஆனால் அந்த வரிசையில் நிற்க யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். ஃபுளோரன்ஸில் உஃபிட்சி, அக்காதெமியா என்ற இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை. புதன் காலை போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நேரம் என்பதால், புனித பேதுரு பேராலயத்துக்குள் அன்று பொதுவாகப் பிற்பகலில்தான் போக முடியும். இவற்றைக் காலண்டரில் குறித்துவிட்டுப் பிறகு விமானம் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் வரிசை இது: திங்களன்று ரோமில் இறங்கி நான்கு இரவு, வெள்ளியன்று ரயிலில் ஃபுளோரன்ஸ் போய் மூன்று இரவு, அடுத்த திங்கள் வெனிஸ் போய் இரண்டு இரவு, புதனன்று அங்கிருந்தே விமானம். ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் திங்கள் ரயிலில் கழிந்துவிடும். வார இறுதிக் கூட்டம் கலைந்த பிறகு வெனிஸுக்குள் நுழைவீர்கள். ரோமுக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவது டிக்கெட் விலையில் மலிவாகத் தெரியலாம். திரும்பும் ரயில் கட்டணத்தையும் வீணாகும் ஒரு நாளையும் கூட்டிப் பார்த்தால் லாபம் இருக்காது. ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் வெயிலும் கொளுத்தும், உள்ளூர்க்காரர்கள் விடுமுறைக்குப் போய்விடுவதால் நல்ல உணவகங்கள் பலவும் பூட்டியிருக்கும்.

இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி விண்ணப்பம், ஆளுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். செலவு முழுவதும் ஒருவர் கணக்கில் இருந்து என்றால் திருமணச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். பிற நாடுகளையும் இணைத்துப் போகிறவர்கள் அதிக இரவு தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது நுழைவுச்சீட்டு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வத்திக்கானுக்குச் சுமார் 60 நாள் முன்பும், கொலோசியத்துக்கு 30 நாள் முன்பும் அதிகாரபூர்வ தளத்தில் விற்பனை திறக்கும். திறந்த அன்றே வாங்குங்கள். காலை நேரங்கள்தான் முதலில் தீரும். தீர்ந்ததும் இடைத்தரகர்கள் அதையே கூடுதல் விலைக்கு விற்பார்கள். கொலோசியம் சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிலேயே ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம். அது பெயர் அச்சிட்ட டிக்கெட்; வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இனிஷியல் போட்டுப் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: முன்பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து பிசகாமல் நிரப்புங்கள். இருவருக்கும் ஒருவரே வாங்கும்போது, தன் பெயரையே இரண்டு டிக்கெட்டிலும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வாங்கியதை இருவர் போனிலும் சேமித்து வையுங்கள். ஒரு பேட்டரி தீர்ந்தால் இருவரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம். பணம் மிச்சம்தான், ஆனால் கூட்டம் தாங்காது. உங்கள் ஃபுளோரன்ஸ் ஞாயிறு அந்தத் தேதியில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு நேரம் குறித்த இடம் ஒன்று போதும், அதுவும் காலையில். ரோமில் செவ்வாய் வத்திக்கான், புதன் கொலோசியம், வியாழன் பாந்தியன், நவோனா சதுக்கம், டிரெவி நீரூற்று என்று நடை. வத்திக்கான் அருங்காட்சியகத்தின் வாசல் பேதுரு சதுக்கத்தில் இல்லை. மதிலைச் சுற்றி வடக்குப் பக்கம் கால்மணி நேரம் நடக்க வேண்டும். சதுக்கத்தில் வந்து நின்று தேடி, குறித்த நேரத்தைத் தவறவிடுகிறவர்கள் அநேகம். தோளும் முழங்காலும் மூடிய உடை இருவருக்குமே கட்டாயம். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் கூரை ஓவியத்தை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். பலிபீடச் சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பு ஓவியம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்துத் தொடங்கியது.

ரோம் மெட்ரோவில் வங்கி அட்டையைத் தட்டியே நுழையலாம், ஆனால் ஓர் அட்டை ஒருவருக்குத்தான். ஒரே அட்டையை இரண்டு முறை தட்டினால் இரண்டாவது ஆளுக்கு டிக்கெட் ஆகாது. ஆளுக்கொரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திருடு போனாலும் மற்றது கைகொடுக்கும். தெர்மினி நிலையத்தைச் சுற்றியும் வத்திக்கான் போகும் 64ஆம் எண் பேருந்திலும் பிக்பாக்கெட் அதிகம். குடிநீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருவெங்கும் நாசோனி என்ற இரும்புக் குழாய்த் தூண்களில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வில்லாக எழும்பும், குனியாமலே குடிக்கலாம். ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், 2019 முதல் அதற்கு அபராதம் உண்டு.

ரோம் தெர்மினியில் இருந்து ஃபுளோரன்ஸ் சாந்தா மரியா நொவெல்லாவுக்கு ஃப்ரெச்சியாரோசா, இத்தாலோ இரண்டு அதிவேக ரயில்களும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போகும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மலிவான டிக்கெட்டை மாற்றவோ திருப்பவோ முடியாது. உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். பழைய நகரப் பகுதிகளில் வெளி வண்டிக்குத் தடை. கேமரா படம் பிடித்து, ஊர் திரும்பிய பல மாதம் கழித்து அபராதம் வரும்.

ஃபுளோரன்ஸில் சனிக்கிழமை உஃபிட்சி, ஞாயிறு காலை அக்காதெமியாவில் 5.17 மீட்டர் உயர தாவீது சிலை. பேராலயத்தின் மேல் புரூனெலெஸ்கி கட்டிய குவிமாடத்தில் ஏற 463 படிகள், லிஃப்ட் கிடையாது. குறித்த நேரத்தைப் பின்னால் மாற்ற முடியாது. குறுகிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது சரிவராது. பக்கத்திலுள்ள ஜொத்தோ மணிக்கூண்டில் 414 படிகள், அங்கேயும் லிஃப்ட் இல்லை. ஆனால் அந்த மாடத்தையே படம் பிடிக்க வேண்டுமென்றால் மணிக்கூண்டுதான் சரியான இடம். ஒருவருக்கு முழங்கால் வலி இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, மாலையில் பேருந்தில் பியாட்சாலே மைக்கேலாஞ்சலோ போங்கள். ஊர் முழுவதும் காலடியில் தெரியும், கட்டணமும் இல்லை.

அறை பதிவு செய்யும்போது 'மாத்ரிமொனியாலே' என்று இருந்தால் இருவருக்கான ஒரே கட்டில், 'தோப்பியா' என்றால் இரண்டு தனிக் கட்டில்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாமல் இருப்பது சகஜம், ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். நகர வரியை ஆளுக்கு, இரவுக்கு என்று விடுதியில் தனியாக வாங்குவார்கள். ரோமில் விடுதியின் தரத்தைப் பொறுத்து ஆளுக்கு 10 யூரோ வரை போகும்.

சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடுவதுதான் ஜோடிகளுக்குள் சண்டை மூளும் முதல் காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். மதியம் இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடி, மாலை ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரண்டு யூரோ இருக்கும். அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல. காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சுத்த சைவர்களுக்குப் பாதுகாப்பான தேர்வு பீட்சா மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரெகானோ, எண்ணெய், அவ்வளவுதான். மீனும் இல்லை, சீஸும் இல்லை. கார்போனாரா, அமாத்ரிச்சானா என்ற பாஸ்தா வகைகளில் பன்றிக் கன்னத்து இறைச்சி கட்டாயம். பெக்கொரினோ, பார்மேசன் சீஸ்கள் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும், பாலை உறைய வைக்கும் பொருளால் செய்யப்படுபவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெனிஸில் இறங்க வேண்டிய நிலையம் சாந்தா லூசியா. அதற்கு முந்தைய மெஸ்த்ரே நிலப்பகுதி. பெயரின் முன்னால் 'வெனெட்சியா' என்று இருப்பதால் பலர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், படகுத்துறைக்கும் விடுதிக்கும் நடுவே எத்தனை பாலம் என்று பாருங்கள். ஒவ்வொரு பாலமும் பெட்டியைத் தூக்கி ஏறி இறங்க வேண்டிய படிக்கட்டு. வபரெத்தோ என்ற பொதுப் போக்குவரத்துப் படகில் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 48 மணி நேரப் பாஸ் 35 யூரோ. இரண்டு இரவுக்குப் பாஸ்தான் லாபம், ஆனால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் தட்ட வேண்டும். கொண்டோலா என்ற துடுப்புப் படகின் அரசுக் கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 110. அது படகுக்கு, ஆளுக்கு அல்ல. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கும் 'த்ராகெத்தோ'வும் அதே வகைப் படகுதான். ஆளுக்கு 2 யூரோ, சில நிமிடம். குறிப்பிட்ட நாட்களில் பகல் பார்வையாளர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 2025இல் அது 54 நாட்கள், பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை. ஊரில் தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, அதற்கான பதிவைத் தளத்தில் செய்துகொள்ள வேண்டும்.

ஏடிஎம்மோ கடை இயந்திரமோ உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா என்று கேட்டால் மறுத்து, யூரோவையே தேர்ந்தெடுங்கள்; இல்லையேல் மாற்று விகிதத்தில் அடி விழும். தெருவில் விற்கும் போலி பிராண்ட் பைகளை வாங்கினால் வாங்கியவருக்கும் அபராதம் உண்டு. கடையில் ஒரே பில்லில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரி திரும்பப் பெறலாம். அதற்குக் கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைக் கன்வேயரில் விடுவதற்கு முன்பே சுங்க அனுமதியை முடிக்க வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால், பெட்டி உள்ளே போன பிறகு காட்ட வழியில்லை.