கர்ப்பகாலத்தில் கணவரின் வன்முறை: செவிலிய ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பிணிகள் மீது கணவர் நடத்தும் வன்முறையையும் அது தாய்சேய் நலத்தைப் பாதிக்கும் விதத்தையும் முதுநிலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் செவிலிய மாணவியர் பெரும்பாலும் புள்ளியியல் பகுதியைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். மாதிரி அளவு போதுமா, எந்தச் சோதனையைப் போடுவது என்று வழிகாட்டியை நச்சரிக்கிறார்கள். ஆனால் இத்துறையில் ஓர் ஆய்வு கெட்டுப்போவது அதற்கு வெகு முன்பே, அந்தப் பெண்ணிடம் யார், எங்கே, எந்தச் சொற்களில், எத்தனை முறை கேட்டார்கள் என்பதில்தான். அங்கே விழுந்த பிழையை எந்தச் சோதனையாலும் பிற்பாடு சரிசெய்ய இயலாது.

இதற்கான வலுவான சான்று செவிலிய ஆய்விலிருந்தே வந்தது. அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் ஜூடித் மெக்ஃபார்லேனும் உடன் பணியாற்றியவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவ வரலாற்றுப் படிவத்தைத் தாமே நிரப்பிய பெண்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினரே வன்முறையைக் குறிப்பிட்டிருந்தனர். அதே கேள்விகளைச் செவிலியர் நேரில் கேட்ட மற்றொரு குழுவில் ஏறத்தாழ 29 சதவீதத்தினர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவரும் பார்பரா பார்க்கரும் இணைந்து வெளியிட்ட ஆய்வில் ஹூஸ்டன், பால்டிமோர் நகரங்களின் 691 கர்ப்பிணிகளிடம் கர்ப்பகாலத்தில் மூன்று முறை கேட்டபோது, ஆறில் ஒருவர் அந்தக் கர்ப்பத்திலேயே வன்முறைக்கு ஆளானது தெரிந்தது. ஆகவே முதல் பதிவு நாளன்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, 'இல்லை' என்றவர்களையெல்லாம் வன்முறை இல்லாதவர்கள் என்று அட்டவணையில் அடைப்பது முதல் தவறு. கூகுள் ஃபார்ம் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தரவு சேர்ப்பது அதைவிட மோசமானது. அந்தக் கைபேசியை வீட்டில் இன்னும் யார் யார் எடுத்துப் பார்க்கிறார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரியாது.

இடம் பற்றிய தவறு இன்னும் பரவலானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை நாளன்று பெஞ்ச் நிறையப் பெண்கள் அமர்ந்திருக்க, பக்கத்தில் மாமியாரோ நாத்தனாரோ ஸ்கேன் சீட்டுடன் இருக்க, 'உங்கள் கணவர் அடிப்பதுண்டா?' என்று கேட்டால் வரக்கூடிய பதில் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: தனிமை உறுதியாக வேண்டும், ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டுமே கேட்க வேண்டும், யாரேனும் குறுக்கே வந்தால் பேச்சை மாற்றுவதற்கு ஆபத்தில்லாத வேறொரு வினாத்தொகுப்பு கையில் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறதா, குழந்தையின் அசைவு தெரிகிறதா என்று நான்கைந்து கேள்விகள் இருந்தால் போதும். மாமியார் வந்து உட்கார்ந்ததும் செவிலியர் தடுமாறாமல் அந்தத் தாளுக்கு மாறிவிடலாம்.

ஒப்புதல் படிவத்தில் 'குடும்ப வன்முறை' என்ற தலைப்பைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, நெறிமுறைக் குழு கேட்டது என்பதற்காக அதன் நகலைப் பெண்ணின் பையில் வைத்தனுப்புவதையும் நான் தவறென்றே சொல்வேன். பெண்களின் உடல்நலமும் வாழ்க்கை அனுபவங்களும் குறித்த ஆய்வு என்று வெளியே பெயரிட்டு, உண்மைப் பொருளை அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியே விளக்குவதே பாதுகாப்பான முறை. அதுபோலவே, மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும் கைபேசி எண் பல நேரங்களில் கணவருடையது. பின்தொடர் அழைப்புக்கு எந்த எண், எந்த நேரம் என்பதை அந்தப் பெண்ணிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வியின் சொற்களுக்கு வருவோம். 'நீங்கள் வன்முறைக்கு ஆளானதுண்டா?' என்று பொதுவாகக் கேட்டால், கன்னத்தில் அறை வாங்கியவர்கூட இல்லை என்பார். அது அவருக்குச் சண்டை, அவ்வளவுதான். அறைந்தாரா, தள்ளினாரா, வயிற்றில் உதைத்தாரா, விருப்பமில்லாத நேரத்தில் உறவுக்குக் கட்டாயப்படுத்தினாரா என்று செயலைச் சொல்லிக் கேட்க வேண்டும். அயல்நாட்டுக் கருவிகளை, அதாவது ஆய்வு வினாத்தொகுப்புகளை, மொழிபெயர்ப்பதோடு நிறுத்துவதும் தவறு. ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலிய ஆய்வாளர் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுக் கருவி, பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க, கர்ப்பமாக இருந்தபோது அடி விழுந்ததா, கணவர் கழுத்தை நெரித்தாரா, அவரிடம் துப்பாக்கி உண்டா என்று கேட்கிறது. முதல் இரண்டும் எங்கும் பொருந்தும். மூன்றாவதை அப்படியே நம் ஊர்க் கிராமத்தில் கேட்டுவிட்டு மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்காமல் விட்டால், கருவி நம்பகமானது என்று எழுதுவதில் பொருளில்லை.

கால எல்லையைக் குறிப்பதில் நம் வழக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண்ணிடம் 'கடந்த நான்கு வாரங்களில்' என்று கேட்டால் எண்ணிக்கை தானாகக் குறையும். கடைசி மூன்று மாதங்களில் வன்முறை தணிகிறது என்ற முடிவும் பிறந்துவிடும். கணவருடன் வாழ்ந்த நாட்களைத் தனியே பதிவு செய்தாலொழிய அந்த முடிவுக்கு அடிப்படை கிடையாது.

ஒப்பீட்டிலும் இதே கவனக்குறைவு காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகால உடல்ரீதியான வன்முறை ஜப்பான் நகரத்தில் 1 சதவீதமாகவும் பெருவின் ஊரகப் பகுதியில் 28 சதவீதமாகவும் இருந்தது. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கணவரின் வன்முறையை எப்போதேனும் சந்தித்த பெண்கள் 38.1 சதவீதம், கர்ப்பகாலத்தில் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் 3.1 சதவீதம். இந்த 38.1 என்பது உடல், பாலியல் வன்முறை இரண்டையும் சேர்த்து வாழ்நாள் முழுவதற்கும் கணவரைப் பற்றியது. 3.1 என்பது கர்ப்பகாலத்துக்கு மட்டுமானது, அடித்தவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'எங்கள் ஆய்வில் அதிகம்' என்று எழுதுவது ஒப்பீடாகாது.

பகுப்பாய்வில் ஒரே ஒரு தவறை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதுதான் கண்ணுக்குத் தெரியாமல் முடிவையே அழிப்பது. ஹூஸ்டன், பால்டிமோர் ஆய்வில் வன்முறைக்கு ஆளானவர்கள் கடைசி மூன்று மாதங்களில்தான் பேறுகாலக் கவனிப்புக்கு வரும் வாய்ப்பு இருமடங்காக இருந்தது. அப்படியானால் தாமதமான பதிவு என்பது வன்முறை குழந்தையின் எடையைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாக இருக்கக்கூடும். மனச்சோர்வும் இரத்தசோகையும் அப்படியே. இவற்றையெல்லாம் வன்முறை, எடை இரண்டையும் வெளியிலிருந்து பாதிக்கும் குழப்பக் காரணிகள் என்று ரெக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கில் சேர்த்துச் சமன்செய்துவிட்டு, வன்முறைக்கும் எடைக்கும் தொடர்பில்லை என்று எழுதினால், தொடர்பு செல்லும் பாதையை நாமே அடைத்துவிட்டுத் தொடர்பைக் காணோம் என்கிறோம். உயிருடன் பிறந்த குழந்தைகளை மட்டும் கணக்கில் எடுத்தால், கருச்சிதைவில் முடிந்த கர்ப்பங்கள் ஆய்வுக்குள் வருவதே இல்லை.

கடைசியாக, நம் கல்லூரிகளுக்கு மிகவும் பிடித்தமான 'கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டம்'. கர்ப்பிணிகளுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தி, ஏழாம் நாள் அறிவு மதிப்பெண் கூடியதைக் காட்டுவது, அடிப்பவரை விட்டுவிட்டு அடிபடுபவருக்குத் தேர்வு வைப்பதாகும். அமெரிக்காவில் ஃபிலிஸ் ஷார்ப்ஸ், லிண்டா புல்லக் ஆகிய செவிலிய ஆய்வாளர்களின் குழு, வீடு தேடிச் செல்லும் செவிலியர் வழியாக 239 பெண்களைக் குழந்தை பிறந்து 2 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, வன்முறை குறைந்ததா என்பதையே அளந்தது. ஓர் ஆண்டு ஆய்வேட்டில் அது இயலாதுதான். பாதுகாப்புத் திட்டம் வகுத்துக்கொண்டாரா, 181 மகளிர் உதவி எண்ணையோ வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தையோ அவர் நாட முடிந்ததா, போனபோது என்ன நடந்தது என்பதையாவது அளக்கலாம். அந்த மையத்துக்கு ஆய்வாளர் முன்கூட்டியே நேரில் போய்ப் பொறுப்பாளரிடம் பேசியிருக்க வேண்டும். எண் அச்சிட்ட தாளை நீட்டுவது பரிந்துரை ஆகாது. பங்கேற்க மறுத்தவர்கள் எத்தனை பேர், தனிமை கிடைக்காமல் இடையில் நிறுத்திய நேர்காணல்கள் எத்தனை என்பதையும் முடிவுகள் அத்தியாயத்தின் முதல் அட்டவணையிலேயே தர வேண்டும்.