பச்சை ஸ்மூத்தி: பாலக், வாழைப்பழத்தைத் தாண்டி

இரண்டு மாதம் தினமும் காலையில் பாலக், வாழைப்பழம், தண்ணீர் என்று ஒரே கலவையைத்தான் அடித்துக் குடித்தேன். மூன்றாவது மாதம் டம்ளரைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. ருசி சலித்தது ஒரு பக்கம், ஒவ்வொரு மடக்கிலும் கீரைத் துணுக்கு நாக்கில் ஒட்டியது இன்னொரு பக்கம். அந்தத் துணுக்குப் பிரச்சினை தீர்ந்த பிறகுதான் வெற்றிலை, இளநீர் வழுக்கை என்று விதவிதமாகச் செய்து பார்க்கத் தோன்றியது. கீரை ஆய்வது, அலசுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக மிக்ஸிக்குப் போகலாம்.

முதல் வேலை, கீரையை மட்டும் தனியாக அரைப்பது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எல்லாவற்றையும் பெரிய ஜாரில் ஒன்றாகப் போட்டால் வாழைப்பழம் உடனே கூழாகிவிடும், இலை அந்தக் கூழோடு சுற்றிக்கொண்டே இருக்கும், பிளேடில் சரியாகப் படாது. சரி, இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்றால் ஜார் சூடாகி நுரைதான் பொங்கும். அதனால் சட்னி ஜாரில் ஒரு கைப்பிடி கீரை, நான்கைந்து மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டி, பக்கத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு, பிறகு வேகமாக 30 விநாடி. ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சைப் பெயின்ட் மாதிரி வழவழவென்று இழுபட்டால் சரி, துணுக்கு தட்டுப்பட்டால் இன்னும் 15 விநாடி.

அப்புறம் பழம். ஐஸ் கட்டி போடாதீர்கள், உருகி ருசியை நீர்க்க வைத்துவிடும். வாழைப்பழத்தை உரித்து, வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி இரவே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். ரோபஸ்டாவும் ஆகும், ஆனால் எனக்குப் பூவன்தான், அந்த லேசான புளிப்பு கீரை வாடையை அமுக்கிவிடும். அரைத்த கீரையையும் பழத்தையும் பெரிய ஜாருக்கு மாற்றி, பால், தயிர், இளநீர் இவற்றில் ஒன்றை ஊற்றி ஓட்டினால் முடிந்தது.

இதற்காக விலை கூடிய பிளெண்டர் வாங்க வேண்டாம், வீட்டிலிருக்கும் 750 வாட் மிக்ஸியே போதும். வடிகட்டி வைத்த ஜூஸர் ஜாரை மட்டும் தொடாதீர்கள், நார் முழுக்க அதிலேயே நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டவை மூன்று. முதலாவது, காம்பும் நடுநரம்பும் கிள்ளிய ஒரே ஒரு வெற்றிலை, பத்துப் பாலக் இலை, வாழைப்பழம், பால், ஒரு தேக்கரண்டி குல்கந்து. இரண்டு வெற்றிலை போட்டால் தொண்டையில் காரம் பிடிக்கும். அடுத்தது இளநீர், வழுக்கை, வெள்ளரி, புதினா, கொஞ்சம் எலுமிச்சை, வெயில் நாளுக்கு இதுதான். மூன்றாவது மாம்பழம், பாலக், ஆறு கறிவேப்பிலை, சிறு துண்டு இஞ்சி, தயிர். முருங்கைக்கீரை சேர்ப்பதானால் ஒரு மேசைக்கரண்டி இலையோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் பச்சை வாடை தூக்கும். மாதுளையும் பீட்ரூட்டும் பச்சையோடு சேர்ந்தால் சேற்று நிறம் வரும், ருசிக்குக் குறைவில்லை, ஆனால் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

பின்சேர்க்கை: அன்னாசியும் தயிரும் சேர்த்தால் கசக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது, வைக்க வைக்க ஏறும். ஃப்ரீஸரில் வைத்தாலும் அந்த நொதி போகாது. அன்னாசியை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள், இல்லையென்றால் தயிரை விட்டு இளநீர் ஊற்றுங்கள்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாமல் படியுங்கள். பாலக்கில் சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட்டும், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யும் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் கீரை ஸ்மூத்தி குடிக்க வேண்டாம். அப்பாவுக்கு முன்பு கல் இருந்ததால் அவருடைய டம்ளரில் பாலக்கே கிடையாது, வெள்ளரியும் நாலு கொத்தமல்லித் தழையும் போட்டுத் தனியாக அடித்துத் தருகிறேன்.